பவர் பிஐ: டார்கெட் எல்லா லைனுக்கும் ஒரே தொகையா வருது, மாதம் மாத்தினா விற்பனை சுருங்குது

லீபஜார்_கணக்கு | திங்கள் இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். சேலம் லீ பஜார்ல ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு பாக்கறேன். ஜவ்வரிசி, ஏற்காட்டுக் காப்பிக் கொட்டை, மிளகு, மஞ்சள் போகுது. பில் எல்லாம் டேலி கணக்கு மென்பொருள்ல. லைன் (சரக்கு வண்டி போற ரூட்) வாரியா டார்கெட் எவ்வளவு, விற்பனை எவ்வளவுன்னு ஒரே பக்கத்துல வேணும்னு முதலாளி கேட்டிருக்கார். ரிப்போர்ட் போடற பவர் பிஐ மென்பொருள்ல செஞ்சிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை காட்டணும்.

முக்கியமா மூணு டேபிள் வெச்சிருக்கேன். விற்பனை: பில் தேதி, பார்ட்டி பெயர், சரக்கு, மூட்டை, தொகை. பார்ட்டி: பெயர், ஊர், லைன், ஜிஎஸ்டி எண். டார்கெட்: லைன், மாதம், தொகை. லைன் மொத்தம் அஞ்சு. ஆத்தூர், ஓமலூர், ராசிபுரம், சங்ககிரி, ஏற்காடு.

பிரச்சினை மூணு:

மேட்ரிக்ஸ்ல (ரிப்போர்ட்ல வர்ற அட்டவணை) வரிக்கு லைன் போட்டா விற்பனை மாறுது, டார்கெட் மட்டும் எல்லாத்துக்கும் ஒரே தொகை. ஏற்காட்டுக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சலா வருது, அது ஏன்னும் புரியல.

மாதம் ஸ்லைசர்ல (தொட்டுத் தேர்ந்தெடுக்கிற பட்டன்) ஜூன் தொட்டா ஜூன் விற்பனை மொத்தமா வராம சொற்பத் தொகை வருது.

அஞ்சு லைன் விற்பனையையும் கையால கூட்டினா அடியில இருக்கிற மொத்தத்தோட ஒத்துப்போகல.

ரெண்டு டேபிளைக் கோடு போட்டு இணைக்கிற ரிலேஷன்ஷிப் போடும்போது மஞ்சள் கலர்ல ஒரு எச்சரிக்கை வந்துச்சு. சரின்னு அமுக்கிட்டேன். ஒரு வாரமா தூக்கம் போச்சுங்க. யாராவது சொல்லுங்க.

---

அம்மாபேட்டை_தறி | திங்கள் இரவு 9.32

எங்க ஜவுளிக் கணக்குலயும் இதே வந்துச்சு. கோட்டை ரெண்டு தடவை தட்டினா கிராஸ் ஃபில்டர்னு இருக்கும். அதுல 'இரு பக்கமும்'னு மாத்துங்க. எனக்கு உடனே நம்பர் வந்துடுச்சு.

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | திங்கள் இரவு 10.05

இரு பக்கமும் என்று மாற்ற வேண்டாம். ஏற்கெனவே மாற்றியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏற்காடு குறைவாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். மேட்ரிக்ஸில் போட்ட 'லைன்' எந்த டேபிளிலிருந்து எடுத்தது? ஸ்லைசரில் போட்ட 'மாதம்' எந்த டேபிளுடையது? மாடல் வியூவில் (டேபிள்களும் கோடுகளும் தெரியும் திரை) ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் 1 (ஒரு மதிப்பு ஒரு முறைதான் வரும்) இருக்கிறதா, நட்சத்திரக் குறி (பல முறை வரலாம்) இருக்கிறதா?

---

லீபஜார்_கணக்கு | திங்கள் இரவு 10.40

லைன் பார்ட்டி டேபிள்ல இருந்து எடுத்தது. மாதம் டார்கெட் டேபிளோடது, அதுல ஜூன்னா 1-6 அப்படின்னு தேதியா போட்டிருக்கேன்.

பார்ட்டி பெயரும் விற்பனையில இருக்கிற பார்ட்டி பெயரும் ஒரு கோடு, ரெண்டு முனையிலும் நட்சத்திரம். விற்பனை பில் தேதியும் டார்கெட் மாதமும் இன்னொரு கோடு, அதுலயும் ரெண்டு முனையிலும் நட்சத்திரம், அம்பு ரெண்டு பக்கமும் இருக்கு. டார்கெட்டுக்கும் பார்ட்டிக்கும் கோடு இல்ல.

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | திங்கள் இரவு 11.30

அப்படியானால் மூன்று பிரச்சினைக்கும் காரணம் தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்லைசர். ஜூன் என்பது உங்கள் டார்கெட் டேபிளில் ஜூன் 1 என்ற ஒரே தேதி. அது பில் தேதியோடு நேராக ஒட்டியிருக்கிறது. ஆகவே ஜூனைத் தொட்டால் ஜூன் 1-ஆம் தேதி போட்ட பில் மட்டும் நிற்கும், மீதி 29 நாளும் விழுந்துவிடும். சொற்பத் தொகை என்று நீங்கள் சொல்வது அந்த ஒரு நாள் வியாபாரம்.

இப்போது டார்கெட். நீங்கள் 'ஆத்தூர்' என்று வரியில் வைத்தால் ஃபில்டர் பார்ட்டியிலிருந்து விற்பனைக்குப் போகிறது. அங்கிருந்து இரு பக்க அம்பு வழியாகத் தேதியைப் பிடித்துக்கொண்டு டார்கெட்டுக்குப் போகிறது. டார்கெட்டிடம் அது கேட்கும் கேள்வி, ஆத்தூர் பார்ட்டிக்கு எந்தெந்த ஒன்றாம் தேதியில் பில் இருக்கிறது என்பது மட்டும்தான். ஆத்தூருக்கு எல்லா மாதமும் ஒன்றாம் தேதி ஏதாவது ஒரு பில் இருக்கும். எனவே எல்லா மாத டார்கெட்டும், அதுவும் ஐந்து லைனுக்கும் சேர்த்து, வந்து நிற்கிறது. ஏற்காட்டுக்கு ஏதோ ஒரு மாதம் ஒன்றாம் தேதி வண்டி ஏறியிருக்காது. அந்த மாத டார்கெட் மட்டும் கழிந்துவிட்டது. நாளைக்கு பில் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ரிலேஷன்ஷிப்பில் ஃபில்டர் 1 இருக்கும் பக்கத்திலிருந்து நட்சத்திரம் இருக்கும் பக்கத்துக்கு ஓடும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கால்வாய்க்கு வருவது போல. கால்வாயிலிருந்து அணைக்குத் தண்ணீரை ஏற்ற மோட்டார் வைத்தால் ஏறும்தான். ஆனால் எங்கிருந்து வந்த தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இரு பக்க அம்பு அந்த மோட்டார். மைக்ரோசாஃப்டின் வழிகாட்டுதலும் அதைக் கூடுமானவரை தவிர்க்கத்தான் சொல்கிறது.

செய்ய வேண்டியது: இன்னும் இரண்டு சின்ன டேபிள். ஒன்று லைன் பட்டியல், ஐந்தே வரி. இன்னொன்று காலண்டர், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை நாளுக்கு ஒரு வரி, இடையில் ஒரு நாளும் விடக்கூடாது. லைன் பட்டியலிலிருந்து பார்ட்டிக்கு ஒரு கோடு, டார்கெட்டுக்கு ஒரு கோடு. காலண்டரிலிருந்து விற்பனைக்கு ஒன்று, டார்கெட்டுக்கு ஒன்று. பார்ட்டியிலிருந்து விற்பனைக்கு ஒன்று. ஐந்தும் 1-லிருந்து நட்சத்திரத்துக்கு, ஒரே பக்க அம்பு. விற்பனைக்கும் டார்கெட்டுக்கும் நடுவே நேர்க்கோடு கூடவே கூடாது. இரண்டும் நடப்பைப் பதியும் டேபிள்கள், பட்டியல்கள் வழியாக மட்டும்தான் பேசிக்கொள்ள வேண்டும். 1990-களில் ரால்ஃப் கிம்பால் பரவலாக்கிய நட்சத்திர வடிவம் என்பதன் சாரம் இதுதான்.

அதன்பின் மேட்ரிக்ஸுக்கு லைனைப் புது லைன் பட்டியலிலிருந்து, மாதத்தைக் காலண்டரிலிருந்து எடுங்கள். பார்ட்டி டேபிளில் உள்ள லைன் காலத்தையும் (நெடுவரிசையையும்) டார்கெட்டில் உள்ள மாதத்தையும் மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் கை மறுபடி அதற்குத்தான் போகும்.

---

லீபஜார்_கணக்கு | செவ்வாய் காலை 10.15

பில் பாத்தேன் அண்ணா. ஆகஸ்ட் ஒன்னாம் தேதி ஏற்காட்டுக்கு ஒரு பில்லும் இல்ல! குறைஞ்ச தொகையும் ஆகஸ்ட் டார்கெட்டும் ரூபாய் சுத்தமா ஒத்துப்போச்சு. உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க.

காலண்டர் போட்டுட்டேன், டார்கெட் கோடும் சரியாச்சு. ஆனா லைன் பட்டியல் அடம் பிடிக்குது. பவர் குவெரியில (டேட்டாவைச் சுத்தம் பண்ற பகுதி) ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போட்டுத்தான் எடுத்தேன். கோடு போட்டா இந்தக் காலத்துல ஒரே மதிப்பு ரெண்டு தடவை இருக்கு, 1 பக்கத்துல அது கூடாதுன்னு சொல்லுது. அஞ்சு லைனுக்கு எட்டு வரி வருது. பாத்தா எல்லாம் ஒரே பெயராத்தான் தெரியுது.

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | செவ்வாய் காலை 10.40

பெயரை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறீர்களா?

---

லீபஜார்_கணக்கு | செவ்வாய் காலை 10.42

ஆமாங்க. டேலியில எல்லாம் இங்கிலீஷ்தான். மூணு பேர் என்ட்ரி போடறோம்.

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | செவ்வாய் மதியம் 1.20

இது பலரை மாட்டவைக்கும் இடம். பவர் குவெரியும் அதன் பின்னால் இருக்கும் மாடலும் எழுத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆத்தூரை ஒருவர் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சின்ன எழுத்திலும் அடித்தால் பவர் குவெரிக்கு அவை இரண்டு ஊர். மாடலுக்கு ஒரே ஊர். பெயருக்குப் பின்னால் கை தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தாலும் அப்படித்தான். பவர் குவெரி அதைத் தனிப் பெயராக விட்டுவைக்கும், மாடல் உள்ளே இழுக்கும்போது கடைசி ஸ்பேஸை வெட்டிவிடும். வெட்டியதும் இரண்டும் ஒன்றாகி, டூப்ளிகேட் என்று உங்களைத் திட்டுகிறது. முன்னால் விழுந்த ஸ்பேஸை மாடல் வெட்டாது. அது தனி ஊராகவே நின்றுவிடும்.

வரிசை முக்கியம். முதலில் ட்ரிம், அடுத்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குவது, அதற்கப்புறம்தான் ரிமூவ் டூப்ளிகேட்ஸ். முதல் இரண்டையும் பார்ட்டி, டார்கெட் இரண்டின் லைன் காலத்திலும் செய்யுங்கள். பவர் குவெரியின் ட்ரிம் இரு ஓரத்தை மட்டும்தான் வெட்டும். எக்செல் ட்ரிம் போல நடுவில் உள்ள இரட்டை ஸ்பேஸைச் சரிசெய்யாது. அதற்கு ரீப்ளேஸ் தனியாகப் போட வேண்டும்.

---

ஆடிட்_அஸ்தம்பட்டி | செவ்வாய் மாலை 6.50

பார்ட்டி பெயரை வெச்சு கோடு போடறதே தப்புன்னு நினைக்கிறேன். பெயர் மாறும், இனிஷியல் மாறும். ஜிஎஸ்டி எண் இருக்கும்போது எதுக்குப் பெயர்? 15 எழுத்து, நம்ம மாநிலத்துக்கு 33-ல ஆரம்பிக்கும், நடுவுல பத்து எழுத்து பான். யாரும் ரெண்டு விதமா எழுத முடியாது. அதையே சாவியா (கோடு போடற அடையாளமா) வெச்சுக்கங்க.

---

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு | செவ்வாய் இரவு 8.15

ஆடிட்டர் சார் சொல்றது மேலோட்டமாப் பாத்தா சரி. நான் அப்படிச் செஞ்சு ரெண்டு மாசம் கஷ்டப்பட்டேன், அதனால சொல்றேன்.

வெள்ளிக் கொலுசு வியாபாரம் எங்களுது. ஒரே பார்ட்டிக்கு சேலத்துல ஒரு கடை, தர்மபுரியில ஒரு கடை. மாநிலத்துக்குள்ள இருக்கிறதால ரெண்டுக்கும் ஒரே ஜிஎஸ்டி எண். எண்ணைச் சாவியா வெச்சா அந்த எண் ரெண்டு தடவை வரும், 1 பக்கம் நிக்காது. டூப்ளிகேட்டை நீக்கினா ஒரு கடை காணாமப் போகும், தர்மபுரி விற்பனை எல்லாம் சேலத்துல ஏறிடும். லைன் வாரியா பாக்கணும்னு ஆரம்பிச்ச வேலையே வீணாயிடும்.

இன்னொண்ணு. சின்னப் பட்டறைக்காரங்க நிறையப் பேர் ஜிஎஸ்டியில பதிவு பண்ணல. அவங்க எண் காலியா இருக்கும். 1 பக்கத்துல காலிக் கட்டம் இருந்தா கோடே போட விடாது.

நான் கடைசியா செஞ்சது இதுதான். டேலி லெட்ஜர்ல அலையஸ்னு ஒரு கட்டம் இருக்கு. ஒவ்வொரு கடைக்கும் நாமளே ஒரு எண் குடுத்து அதுல ஏத்தினேன். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. உக்காந்து ஏத்த நாலு ராத்திரி ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அந்தக் கோடு என்னைத் தொந்தரவு பண்ணல.

---

ஆடிட்_அஸ்தம்பட்டி | செவ்வாய் இரவு 8.40

ஒத்துக்கறேன். கிளை விஷயம் எனக்குத் தோணல. வரிக் கணக்குக்கு ஜிஎஸ்டி எண் தனிக் காலமா இருக்கட்டும், சாவி வேண்டாம்.

---

ஏற்காட்டுக்காரன் | புதன் காலை 7.30

லீ பஜார் அக்கா, சரக்கு டேபிளை யாருமே கேட்கல. நீங்க காப்பி, மிளகு விக்கறதால சொல்றேன். எங்க எஸ்டேட் கணக்குல நான் பட்டது.

எச்எஸ்என் (சரக்குக்கான வரிக் குறியீட்டு எண்) வெச்சு வரி விகித டேபிளோட கோடு போட்டிருந்தா, ஜவ்வரிசி மட்டும் ஒட்டும், மீதி மூணும் ஒட்டாது. ஜவ்வரிசி 1903. காப்பி 0901, மிளகு 0904, மஞ்சள் 0910. பவர் குவெரி தானாவே டைப் மாத்தற ஒரு ஸ்டெப்பைப் போடும், அது எண்ணுன்னு நினைச்சு முன்னாடி இருக்கிற சைபரைத் தூக்கிடும். அப்புறம் நீங்க டெக்ஸ்ட்டா மாத்தினாலும் 901-னுதான் நிக்கும், போன சைபர் திரும்பி வராது. அந்த ஸ்டெப்பையே அழிச்சுட்டு முதல்லயே டெக்ஸ்ட்னு சொல்லணும்.

ரெண்டாவது, சரக்குப் பெயர் தமிழ்ல இருந்தா 'கொட்டை'யைப் பாருங்க. 'கொ'வை ரெண்டு விதமா கம்ப்யூட்டர்ல சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடா வரும், இல்லன்னா எகரக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறியீடா வரும். கண்ணுக்கு ஒரே 'கொ'தான். பவர் குவெரியில மெர்ஜ் போட்டா (ரெண்டு டேபிளை இணைச்சா) ரெண்டும் சேராது. எழுத்து எண்ணிக்கையைப் பாத்தா ஒண்ணு அதிகமா காட்டும், அப்படித்தான் கண்டுபிடிச்சேன். ஒரு ராத்திரி முழுக்க 'காப்பிக் கொட்டை'யையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மூட்டைக் கணக்கையும் கவனிங்க. காப்பி 50 கிலோ மூட்டை, ஜவ்வரிசி 90 கிலோ மூட்டை. சும்மா மூட்டையைக் கூட்டினா அர்த்தமில்ல. சரக்குப் பட்டியல்ல கிலோன்னு ஒரு காலம் வேணும்.

---

லீபஜார்_கணக்கு | புதன் மதியம் 2.05

தம்பி, அப்படியே நடந்திருக்கு! ஜவ்வரிசி மட்டும் ஒட்டியிருந்துச்சு, அதனாலதான் கோடு சரின்னே நம்பிட்டிருந்தேன். மாத்திட்டேன். எங்க மூட்டையும் அதே அளவுதான், கிலோ காலம் சேத்துட்டேன்.

பார்ட்டிக்கு அலையஸ் எண் ஏத்திட்டிருக்கேன். 300 சொச்சம் பார்ட்டி. பாதி ஆச்சு. ஒரே கடையை மூணு பெயர்ல திறந்து வெச்சிருக்காங்க, ஒவ்வொரு என்ட்ரிக்காரரும் ஒரு பெயர்.

ஒரு சந்தேகம். ஏத்தின வரைக்கும் வெச்சு ஒண்ணுக்குப் பலன்னு கோடு போட்டுப் பாத்தேன். இதுவரைக்கும் இல்லாத ஒரு 'பிளாங்க்' வரி புதுசா வந்துடுச்சு, அதுல பெரிய தொகை நிக்குது. பலவுக்குப் பலன்னு இருந்தப்ப இது இல்ல. நான் ஏதாவது கெடுத்துட்டேனா?

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | புதன் இரவு 9.50

கெடுக்கவில்லை. இதுவரை ஒளிந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில்.

ஒன்றுக்குப் பல என்ற கோட்டில், விற்பனையில் இருக்கும் ஒரு பார்ட்டி பட்டியலில் இல்லையென்றால், மாடல் பட்டியலுக்கு ஒரு வெற்று வரியைத் தானே சேர்த்து அந்த விற்பனையை அதில் காட்டும். பலவுக்குப் பல என்ற கோட்டில் அந்த வெற்று வரி சேராது. பட்டியலில் இல்லாத பார்ட்டியின் விற்பனை எந்த லைனிலும் வராமல் அடி மொத்தத்தில் மட்டும் இருக்கும். மறுபக்கம், ஒரே பெயர் இரண்டு லைனில் பதிவாகியிருந்தால் அந்த விற்பனை இரண்டு லைனிலும் வரும், மொத்தத்தில் ஒரு முறைதான். ஒன்று குறைக்கிறது, ஒன்று கூட்டுகிறது. அதனால்தான் உங்கள் கைக்கணக்கு எந்தப் பக்கமும் ஒத்துவரவில்லை.

பிளாங்க் வரியை ஃபில்டர் போட்டு மறைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பவர் குவெரியில் விற்பனையையும் பார்ட்டியையும் மெர்ஜ் செய்து 'லெஃப்ட் ஆன்ட்டி' என்ற வகையைத் தேர்ந்தால், பட்டியலில் இல்லாத பார்ட்டிகள் மட்டும் தனியாக விழும். அதை ஒரு தனிப் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கடை திறக்கும் ஒவ்வொரு மாதமும் தேவைப்படும்.

---

அம்மாபேட்டை_தறி | புதன் இரவு 10.20

நான்தான் முதல்ல இரு பக்கமும் போடச் சொன்னேன். இதைப் படிச்சுட்டு என் மாடலைத் திறந்து பாத்தேன். எனக்கு வந்த நம்பரும் தப்புதான், ஆறு மாசமா அதைத்தான் காட்டிட்டு இருந்திருக்கேன். அப்ப அந்த ஆப்ஷன் எதுக்குத்தான் இருக்கு?

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | புதன் இரவு 10.55

தேவைப்படும் இடம் உண்டு. ஒரே கடையை இரண்டு விற்பனையாளர்கள் பார்க்கிறார்கள் என்றால் நடுவே ஒரு இணைப்பு டேபிள் வேண்டும். அந்த ஒரு இடத்தில் ஃபில்டர் எதிர்த் திசையில் ஏற வேண்டியிருக்கும். அப்போதும் நான் கோட்டை மாற்றமாட்டேன். அந்த ஒரு மெஷருக்குள் (தொகையைக் கணக்கிடும் சூத்திரம்) மட்டும் கிராஸ்ஃபில்டர் ஃபங்ஷனைப் போடுவேன். பாதிப்பு அந்த மெஷரோடு நின்றுவிடும்.

---

ஆடிட்_அஸ்தம்பட்டி | வியாழன் காலை 9.30

எக்செல் பவர் பிவட்ல (எக்செலுக்குள்ளயே டேபிள்களை இணைக்கிற வசதி) கோட்டுக்கு இரு பக்கமும்ங்கிற வசதியே இல்ல, பலவுக்குப் பலவும் இல்ல. அதுல பழகினதால பட்டியலைச் சுத்தம் பண்ணாம எனக்குக் கோடே விழுந்ததில்ல. அப்ப கோபமா வரும்.

---

ஏற்காட்டுக்காரன் | வியாழன் காலை 11.10

அக்கா, காப்பிக்கு இன்னும் ஒண்ணு. நிதியாண்டு ஏப்ரல்-மார்ச். ஆனா காப்பி ஆண்டு அக்டோபர்-செப்டம்பர். பழம் பறிக்கிறது நவம்பர்ல இருந்து பிப்ரவரி, மார்ச் வரைக்கும் போகும், அந்தச் சரக்கு ஏப்ரலுக்கு அப்புறமும் விக்கும், அதனால நிதியாண்டைப் பாத்தா ஒரே பருவம் ரெண்டா உடையலாம். அதுக்காக இன்னொரு காலண்டர் போட வேண்டாம். இருக்கிற காலண்டர்லயே 'காப்பி ஆண்டு'ன்னு ஒரு காலம் சேத்துக்கலாம்.

பில் தேதி, சரக்கு ஏத்தின தேதி ரெண்டும் இருந்தா ரெண்டுக்கும் காலண்டர்ல இருந்து கோடு போடலாம். ஒண்ணுதான் உயிரோட இருக்கும், இன்னொண்ணு புள்ளிக் கோடா நிக்கும். ஏத்தின தேதிப்படி வேணும்னா மெஷர்ல யூஸ்ரிலேஷன்ஷிப் போட்டுக் கூப்பிடணும். எங்க எடைமேடைச் சீட்டுல தேதியோட மணியும் சேந்து வந்துச்சு. திரையில தேதி மட்டும் தெரியும், உள்ள காலை 6.42 ஒளிஞ்சிருக்கும். காலண்டர்ல இருக்கிறது நள்ளிரவுத் தேதி, அதனால ஒண்ணுகூட ஒட்டல. பவர் குவெரியில டைப்பைத் தேதின்னு மாத்துங்க. வெளியில ஃபார்மட் மாத்தினா பத்தாது.

---

லீபஜார்_கணக்கு | வியாழன் இரவு 11.45

பட்டியல்ல இருக்கிற பார்ட்டி முழுசும் ஏத்தியாச்சு. லைன் கூட்டலும் பிளாங்க் வரியும் சேந்து அடி மொத்தத்தோட சரியா நிக்குது. டேலி விற்பனைப் பதிவேட்டோட ஒரு வித்தியாசம் இருந்துச்சு, அது திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட். அதையும் சேத்ததும் சரியாயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு மிச்சம். லைனுக்குக் கீழ சரக்கை இழுத்துப் போட்டா டார்கெட் மறுபடி எல்லாச் சரக்குக்கும் ஒரே தொகையா வருது. திரும்பவும் எங்கயோ கோடு தப்பா?

---

ஃபேர்லேண்ட்ஸ்_டேட்டா | வெள்ளி காலை 6.30

கோடு சரி. டார்கெட்டை நீங்கள் லைனுக்கும் மாதத்துக்கும்தான் நிர்ணயித்திருக்கிறீர்கள். ஜவ்வரிசிக்கு இவ்வளவு, மிளகுக்கு இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. இல்லாத எண்ணை எந்தக் கோடும் கொண்டுவராது. டார்கெட் மெஷரில் இஸ்இன்ஸ்கோப் (எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறோம் என்று பார்க்கும் ஃபங்ஷன்) போட்டு, சரக்கு அளவுக்கு இறங்கினால் வெற்றாகக் காட்டச் சொல்லுங்கள். நாள் அளவுக்கு இறங்கினாலும் அப்படியே செய்யுங்கள், இல்லையென்றால் மாத டார்கெட் முழுவதும் ஒன்றாம் தேதியில் உட்காரும். சரக்கு வாரியாக வேண்டுமென்றால் முதலாளியிடம் சரக்கு வாரியாக டார்கெட் கேளுங்கள். விற்பனை விகிதத்தில் நீங்களே பிரித்துப் போடாதீர்கள்.

---

லீபஜார்_கணக்கு | வெள்ளி மாலை 7.20

காட்டிட்டேன். முதலாளி ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தார். சங்ககிரி லைன் டார்கெட்டைத் தாண்டியிருக்கு, ஆனா பழைய ரிப்போர்ட்ல அது பின்னாடி இருந்த மாதிரி காட்டுச்சு, ஏன்னு கேட்டார். பழசுல அஞ்சு லைன் டார்கெட்டும் சேந்து வந்ததைக் காட்டி விளக்கினேன், ஏத்துக்கிட்டார். சரக்கு வாரி டார்கெட் அடுத்த மாசத்துல இருந்து தர்றேன்னுட்டார்.

பிளாங்க்ல இன்னும் மூணு பார்ட்டி இருக்கு. ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சுட்டேன். மூணாவது அயோத்தியாப்பட்டணத்துல ஒரு கடை, ஆத்தூர் லைன்ல போகுதா ஏற்காட்டு வண்டியில போகுதான்னு பில்லைப் பாத்துத் தெரியல. நாளைக்கு டிரைவர் அண்ணன் வந்ததும் கேட்டு ஏத்திடறேன்.